மகன் சபைக்குப் போகிறான், நான் விளக்கேற்றுகிறேன்: ஒரே வீட்டில் இரண்டு மதம் இருக்கலாமா?

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கேயிருந்து ஓர் அம்மா நீளமாக எழுதியிருக்கிறார். பெயர், ஊர், அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அம்மாவுக்கு வயது 68. கணவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. மேல்தளத்தில் அவர் இருக்கிறார். கீழ்த்தளத்தில் மகன், மருமகள், 15 வயதுப் பேத்தி, அவளுக்கு இளைய பேரன். மகள் கல்யாணமாகி ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறாள். பேரன் கைக்குழந்தையாக இருந்தபோது கடும் நோயில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். மருமகளின் தோழி ஒரு பாஸ்டரை அழைத்து வந்தாள். அவர் ராத்திரி பகலாகக் கூடவே இருந்து ஜெபித்தார். பிள்ளை பிழைத்தது. அதன்பின் மகனும் மருமகளும் ஞானஸ்நானம் எடுத்துப் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்தார்கள்.

அன்றிலிருந்து சாமிக்குப் படைத்த சோற்றை மகன் தொடுவதில்லை. புரட்டாசி மாதம் அம்மா தனிப் பாத்திரத்தில் சமைத்துக்கொள்கிறார். சனிக்கிழமைப் படையலுக்குக் கீழேயிருந்து யாரும் ஏறி வருவதில்லை. பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துப் போகக் கூடாது என்று மகன் சொல்லியிருக்கிறார். இந்த ஆண்டு தைப்பூசத்தன்று பேத்தி ஆசைப்பட்டுக் கேட்டதால், “சின்ன ஆயா வீட்டுக்குப் போகிறோம்” என்று சொல்லிவிட்டு அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பால்குடம் எடுக்க வைத்தார். யாரோ எடுத்த படம் வாட்ஸ்அப்பில் சுற்றி மகனிடம் வந்து சேர்ந்தது. அடுத்த வாரம் அம்மா ஜோகன்னஸ்பர்க் போயிருந்த சமயம், மகன் மேலே ஏறிப் பூஜை அறையைக் காலி செய்து, எல்லாவற்றையும் கறுப்புப் பையில் கட்டிக் குப்பை வண்டிக்காக வாசலில் வைத்துவிட்டார். அம்மா திரும்பி வந்தபோது வண்டி இன்னும் வரவில்லை. பித்தளை வேலையும் காமாட்சி விளக்கையும் எடுத்துக்கொண்டார். கணவர் வைத்துக் கும்பிட்ட முருகன் படம் கண்ணாடி நொறுங்கிக் கிழிந்து கிடந்தது.

இப்போது மகன் சொல்வது இது: “அம்மா, நீங்களும் இயேசுவை ஏற்றுக்கொள்ளுங்கள். எல்லாரும் ஒரே விசுவாசத்தில் இருந்தால்தான் குடும்பம் ஒன்றாக இருக்கும்.” அம்மா கேட்பது பல: “சமாதானத்துக்காக நானே மாறிவிடட்டுமா? அல்லது அவன் பழையபடி திருநீறு பூசினால்தான் வீடு என்று உயில் எழுதலாமா? மதம் மாறினவனுக்குச் சட்டப்படி பங்கே கிடையாதுதானே? வீட்டைவிட்டுப் போகச் சொல்லலாமா? பேத்தியைக் கோயிலுக்கு அழைத்துப் போக ஆயாவுக்கு உரிமை உண்டா? நான் செத்தால் கொள்ளி வைப்பது யார்? எங்கள் காலத்தில் எல்லாரும் ஒரே சாமியைக் கும்பிட்டோம், இப்படி ஒரு சண்டை கிடையாது.”

அன்புள்ள அம்மா,

குப்பைப் பைக்குள் கைவிட்டு விளக்கைத் தேடி எடுத்த அந்தக் காலையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை. உங்கள் மகன் செய்தது தவறு. அதைப் பின்னால் விவரமாகச் சொல்கிறேன். கேள்விகளை நீங்கள் கேட்ட வரிசையில் எடுக்காமல், அடியில் இருக்கிற எண்ணத்திலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால், நீங்கள் மாறுவது, மகன் மாறுவது என்று நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு வழியும் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன. வீட்டில் ஒரே மதம் இருந்தால்தான் சமாதானம் என்று மகன் நம்புகிறார். நீங்களும் அதையே நம்புகிறீர்கள். எந்த மதம் என்பதில்தான் உங்களுக்குள் வித்தியாசம்.

நம் காலத்தில் எல்லாரும் ஒரே சாமியைக் கும்பிட்டோமா?

1860 நவம்பரில் மதராஸிலிருந்து டர்பன் துறைமுகம் வந்த முதல் கப்பல் ட்ரூரோ. அந்த முதல் கப்பலிலேயே இந்துக்களோடு கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து வந்தார்கள். ஆகவே இந்த மண்ணில் நாம் ஒரே மதமாக இருந்த நாள் என்று ஒன்று கிடையாது. உங்கள் கடிதத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. சின்ன வயதில் உங்களுக்கு வலிப்பு வந்தபோது உங்கள் அம்மா புரூக் தெருவில் உள்ள பாட்ஷா பீர் தர்காவுக்குத் தூக்கிப்போய் வேண்டிக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா ஈஸ்டரில் நடக்கிறது. தோட்டத்தில் வெள்ளைக்காரன் கொடுத்த விடுமுறை அதுதான் என்பார்கள். அம்மனுக்கு நேர்ந்துகொண்டு அன்று கூட்டத்தில் நிற்பவர்களில் இந்து அல்லாதவர்களும் இருக்கிறார்கள்.

பெந்தெகொஸ்தே சபையும் நேற்று வந்ததல்ல. பெதெஸ்தா சபை 1931 முதல் டர்பன் இந்தியர்களிடையே இயங்கி வருகிறது. 1960-களில் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் பெயரால் மகசின் பாரக்ஸ், கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து மக்களைப் பிடுங்கி, இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வர்த்தில் கொண்டுவந்து கொட்டினார்கள். கோயிலும் பங்காளி வீடும் பழகிய தெருவும் ஒரே நாளில் போயின. அப்போது வீடு தேடி வந்து, நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தவர்களில் இந்தச் சபைக்காரர்கள் உண்டு. உங்கள் மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் நடந்ததும் அதுதான். “பணத்தைக் காட்டி மயக்கிவிட்டார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன சம்பவத்தில் பணம் எங்கேயும் இல்லை. சாகக் கிடந்த பிள்ளையும் துணைக்கு நின்ற ஒரு மனிதரும்தான் இருக்கிறார்கள். மகனுடைய விசுவாசம் அங்கே பிறந்தது. அதை மயக்கம் என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு முறையும், பிள்ளை பிழைத்ததையே நீங்கள் மறுப்பதாக அவர் காதில் விழும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “எல்லாம் ஒரே சாமிதானே, அவன் ஏன் திருநீறு பூசிக்கொள்ளக் கூடாது?” என்று கேட்கிறீர்கள். அன்போடு கேட்கிறீர்கள் என்பது தெரிகிறது. நமக்கு அது விரிந்த மனதாகத் தோன்றும். அவருக்கோ, தன் விசுவாசம் இன்னதென்று அம்மா தனக்கே பாடம் எடுப்பதாகத் தோன்றும். எல்லாப் பாதையும் ஒரே இடத்துக்குப் போகிறது என்பதும் ஒரு மதக் கொள்கைதான். அதை ஏற்றால்தான் இந்த வீட்டில் இடம் என்றால், அதுவும் கட்டாய மதமாற்றத்தின் சாயலைப் பெற்றுவிடுகிறது.

ஒரே மதமாகிவிட்டால் சண்டை தீரும் என்பதற்கு இந்த நாட்டின் வரலாறு இடம் கொடுக்கவில்லை. நிறவெறி ஆட்சிக்கு வேதத்திலிருந்து நியாயம் தேடிக் கொடுத்தது டச்சு சீர்திருத்தச் சபை. அதே வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆங்கிலிக்கன் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு அந்த ஆட்சியை எதிர்த்து நின்றார். 1982-ல் ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு, நிறவெறிக்கு இறையியல் நியாயம் சொல்வது மார்க்கத் துரோகம் என்றே அறிவித்தது. அடித்தவரும் அடிபட்டவரும் பெரும்பாலும் ஒரே கடவுளிடம்தான் ஜெபித்தார்கள்.

சட்டமே ஒரு மதத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் வீட்டுக் கதையே இருக்கிறது. 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி நடந்து பதிவான கல்யாணம்தான் கல்யாணம் என்பது அதன் சாரம். ஒரே நாளில் நம் பாட்டிமார் எல்லாரும் சட்டத்தின் கண்ணில் மனைவிகள் இல்லாமல் போனார்கள். தாலி கட்டிய பெண்களும் நிக்காஹ் செய்த பெண்களும் போராடத் தெருவுக்கு வந்தது அதனால்தான். சிறை சென்று வந்து 1914 பிப்ரவரி 22-ல் 16 வயதில் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மை அந்தப் போராட்டத்தின் பிள்ளை. அந்த ஆண்டே வந்த இந்தியர் நிவாரணச் சட்டம், ஒப்பந்தம் முடிந்த இந்தியர்மீது விதித்திருந்த மூன்று பவுன் வரியை நீக்கியது, நம் கல்யாணங்களையும் ஏற்றுக்கொண்டது.

1996 அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் மனசாட்சி, மதம், சிந்தனை, நம்பிக்கை ஆகியவற்றில் சுதந்திரம் தருகிறது. 31-ஆம் பிரிவு சமூகமாகக் கூடித் தங்கள் பண்பாட்டையும் மதத்தையும் கடைப்பிடிக்கும் உரிமையைக் காக்கிறது. டர்பன் பள்ளியில் படித்த ஒரு தமிழ்ப் பெண் மூக்குத்தி போட்டுக்கொண்டு வந்ததற்காக எழுந்த வழக்கில், 2007-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மூக்குத்தி மதம் விதித்த கட்டாயக் கடமை இல்லை, விருப்பத்தோடு செய்கிற வழக்கம்தான் என்றாலும் அதற்கும் பாதுகாப்பு உண்டு என்றது. அம்மா, அந்தப் பெண்ணின் மூக்குத்தியைக் காத்த அதே உரிமைதான் உங்கள் விளக்கைக் காக்கிறது. அதே உரிமைதான் மகனுடைய ஞானஸ்நானத்தையும் காக்கிறது. அவருடையதை மறுத்துவிட்டு உங்களுடையதை மட்டும் வைத்துக்கொள்ள எந்த நீதிமன்றத்திலும் வழி கிடையாது.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: சமாதானத்துக்காக மதம் மாறாதீர்கள். உங்கள் மனம் உண்மையாகவே அந்தப் பக்கம் திரும்பினால் அது வேறு. சண்டைக்குப் பயந்து முழுக்கு எடுத்தால் மகனுக்கே அது வெறும் வேஷமாகத்தான் இருக்கும். அவருடைய சபையும் மனம் இல்லாத ஞானஸ்நானத்தை மதிக்காது. அதே நியாயத்தை அவருக்கும் கொடுங்கள். வீட்டுக்காகப் பூசிய திருநீறு யாருக்கு வேண்டும்?

ஒரே வரியில் நீங்கள் கடந்துபோன விஷயம்

“சின்ன ஆயா வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கூட்டிப்போனேன்.” இந்த வரியை மூன்றாம் பக்கத்தின் நடுவில் எழுதிவிட்டு உடனே அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தின் கனமான வரி அதுதான்.

பேத்தியின் ஆசை உண்மையானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 15 வயதுப் பிள்ளையைத் தன் அப்பாவிடம் பொய் சொல்ல வைத்தது யார்? படம் வெளியே வந்த பிறகு அப்பாவின் முன்னால் நின்றது அவள். நீங்கள் ஜோகன்னஸ்பர்க் போய்விட்டீர்கள். அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் படத்தை உடைத்ததற்கு இது நியாயம் ஆகாது. ஆனாலும், அவரோடு பேச உட்காரும்போது உங்கள் பக்கத்திலிருந்து முதலில் வர வேண்டியது இதற்கான வருத்தம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 18 வயது வரை பிள்ளையின் வளர்ப்பைப் பற்றிய பெரிய முடிவுகள், மத வளர்ப்பு உள்பட, பெற்றோருடையவை. ஆயாவுக்குத் தானாக வரும் உரிமை எதுவும் இல்லை. 2005-ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, பிள்ளையின் நலனில் அக்கறையுள்ள எவரும் அவளோடு தொடர்பு வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு நீதிமன்றம் போகலாம். பேத்தியைப் பார்க்கவே விடாமல் தடுத்தால் அந்த வழி உண்டு. கோயிலுக்கு அழைத்துப் போவதற்காக அதைப் பயன்படுத்த நினைக்காதீர்கள். ஒரே வீட்டில் மேலும் கீழும் இருந்துகொண்டு பேத்திக்காக வழக்குப் போட்டால், நடுவில் நசுங்குவது அவள்தான்.

அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவு, வயதும் முதிர்ச்சியும் உள்ள பிள்ளையின் கருத்தைக் கேட்டு அதற்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்கிறது. 15 வயது என்பது கைக்குழந்தை வயது இல்லை. இதை உங்கள் மகனிடம் சொல்லலாம். சொல்லும்போது பேத்தி உங்கள் பக்கம் என்று காட்டுவதற்காகச் சொல்லாதீர்கள். அவள் ஞாயிற்றுக்கிழமை சபையில் பாடல் குழுவிலும் இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே! பால்குடமும் பிடிக்கும், பாட்டும் பிடிக்கும் என்றால், அவளுக்கு இரண்டையும் கண் திறந்து பார்க்க நேரம் வேண்டும். மூன்று வருடத்தில் அவள் முடிவு அவளுடையது. அதுவரை தேவாரம் சொல்லிக்கொடுக்க வேண்டும், கொழுக்கட்டை பிடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும், அவள் தாத்தா காவடி எடுத்த கதை சொல்ல வேண்டும் என்றால், மகனுக்குத் தெரிந்தே செய்யுங்கள். எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை என்று அவரிடமே கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மறுப்பார் என்று நீங்களாக முடிவுகட்டாதீர்கள். பாட்டுக்கும் சமையலுக்கும் கதைக்கும் ஒத்துக்கொண்டு, கோயிலுக்குள் போவதற்கு மட்டும் தடை சொல்லும் குடும்பங்களை என் வேலையில் நிறையப் பார்க்கிறேன்.

பூஜை அறையில் கைவைத்தது

மகன் செய்தது குடும்பத் தகராறு என்று ஒதுக்கிவிடக் கூடியது இல்லை. குடும்ப வன்முறைச் சட்டம் 1998-ல் வந்தது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தம் அதை விரிவாக்கியிருக்கிறது. உங்கள் பொருளை உடைப்பது ஏற்கெனவே அதில் உண்டு. இப்போது ஆன்மிக ரீதியான கொடுமை என்பதும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒருவர் தன் நம்பிக்கையைக் கடைப்பிடிக்க முடியாமல், அதை வெளிப்படையாகக் காட்டிக்கொள்ள முடியாமல் தடுப்பது அதன் கீழ் வரும். முதியோருக்கு இழைக்கும் கொடுமையும் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பெற்ற பிள்ளை என்பதால் விலக்குக் கிடையாது. நீங்கள் இருக்கும் பகுதியின் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்டு விண்ணப்பிக்கலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. அந்த உத்தரவை மீறினால் கைதுவரை போகும்.

இந்தக் கதவு திறந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மகனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஒருமுறை நடந்தது, அதற்குப் பிறகு அவர் மேலே ஏறி வரவே இல்லை, உடைந்த படத்துக்குப் புது ஃப்ரேம் போட்டுத் தருவதாக மருமகள் சொன்னாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலையில் இன்றைக்கே நீதிமன்றம் போக வேண்டாம் என்பது என் எண்ணம். நடந்ததைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உடைந்த படத்தைக் கைப்பேசியில் படமெடுத்து மகளுக்கு அனுப்பி வையுங்கள். மறுபடி கைவைத்தாலோ, உங்களை மிரட்டினாலோ, விளக்கு ஏற்றவிடாமல் தடுத்தாலோ, அன்றே போங்கள். அதற்குத் தயங்க வேண்டாம். “பெற்ற பிள்ளையைக் கோர்ட்டுக்கு இழுப்பதா” என்று அக்கம்பக்கம் பேசும். பேசட்டும்.

மருமகள் சொன்னதை நீங்கள் இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அது பெரிதாகப் படுகிறது. அவளும் அதே சபைதான். ஆனாலும் மாமனார் கும்பிட்ட படம் கிழிந்ததில் அவளுக்கு மனம் வலித்திருக்கிறது. இந்த வீட்டில் முதல் பேச்சு அவளோடு தொடங்கலாம்.

படைத்த சோற்றை மகன் தொடாததை அவமானமாக எடுத்துக்கொள்கிறீர்கள். சாமிக்குப் படைத்ததைக் கிறிஸ்தவர் சாப்பிடலாமா என்பது அந்த மதம் தோன்றிய காலத்திலேயே எழுந்த கேள்வி. இயேசுவின் அப்போஸ்தலரான பவுல் தம் நிருபங்களில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். உங்கள் மகன் உங்கள் கைச்சமையலை ஒதுக்குவதற்காகக் கண்டுபிடித்தது இல்லை. அடுத்த முறை சர்க்கரைப்பொங்கலோ புளிசாதமோ செய்யும்போது, இலையில் பரிமாறுவதற்கு முன்பே ஒரு டப்பாவில் தனியாக எடுத்து மூடி வையுங்கள். “இது படைக்காதது” என்று சொல்லிக் கீழே கொடுத்தனுப்புங்கள். இதே போன்ற ஒரு வீட்டில் இந்த ஒரு டப்பா, வருடக்கணக்கில் பேச்சில்லாமல் கிடந்த மாமியாரையும் மருமகளையும் மறுபடி பேச வைத்தது.

வீடும் உயிலும்

மதம் மாறினவருக்குப் பங்கு கிடையாது என்பது தவறு. தென்னாப்பிரிக்காவில் உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்துப் பிரியும். மகன், மகள் என்ற வேறுபாடு கிடையாது. என்ன மதம் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. கொள்ளி வைத்தவருக்கு வீடு என்பதும் நம் பேச்சுவழக்கில் மட்டும்தான் உண்டு.

உயில் எழுதினால் உங்கள் விருப்பப்படி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். மகனுக்கு ஒன்றும் வைக்காமலும் விடலாம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், “சைவ சமயத்துக்குத் திரும்பினால்தான்” என்று நிபந்தனை போடும்போது. வேறு மதத்தவரை மணந்தால் சொத்து போய்விடும் என்று யூதர் ஒருவர் எழுதிய உயிலை 1950-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்றது. அது அரசியலமைப்புக்கு முந்தைய காலம். 2006-ல் ஒரு பழைய உதவித்தொகை அறக்கட்டளையில் யூதர்களையும் பெண்களையும் விலக்கியிருந்த விதியை நீதிமன்றம் நீக்கியது. 2021-ல் அரசியலமைப்பு நீதிமன்றம், ஆண் வாரிசுகளுக்கு மட்டும் நிலம் என்று 1902-ல் ஒரு குடும்பம் எழுதிய தனியார் உயிலின் விதியையே செல்லாது என்றது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது தெரிகிறது. நீங்கள் நினைக்கும் நிபந்தனையை எழுதினால், உங்கள் காலத்துக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் உயர் நீதிமன்றத்தில் நிற்பார்கள். வீட்டின் பாதி வழக்குச் செலவிலேயே கரையும்.

சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் அது வேண்டாம் அம்மா. விலைக்கு வாங்கிய பக்தியை உங்கள் முருகன் ஏற்றுக்கொள்வானா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் சொல்லும் வழி இது. வீட்டை எப்படிப் பிரிப்பது என்பதை மதத்தைத் தொடாமல் தீர்மானியுங்கள். விளக்கு, வேல், படங்கள், கணவரின் காவடி இவற்றைத் தனித்தனியாகப் பெயர் சொல்லி மகளுக்கோ, பேத்திக்கு 18 வயதானதும் அவளுக்கோ என்று எழுதுங்கள். இது முற்றிலும் செல்லும். அந்தப் பொருள்கள் மறுபடி குப்பைப் பைக்குப் போகாமல் தடுக்கும். உயிலின் ஒவ்வொரு பக்கத்திலும் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டு சாட்சிகள் உடனிருக்க வேண்டும். சொத்துப் பெறப் போகும் மகளையோ அவள் கணவரையோ சாட்சியாக வைக்காதீர்கள். சாட்சி போட்டவருக்குப் பொதுவாக அந்த உயிலில் உள்ள பங்கு போய்விடும்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வீடு “எங்கள் பெயரில்” என்று எழுதியிருக்கிறீர்கள். கணவர் பெயர் இன்னும் பத்திரத்தில் இருக்கிறதா? அவர் உயில் எழுதவில்லை, சொத்து விவகாரமும் முடிக்கவில்லை என்றால், அவர் பங்கில் மகனுக்கும் மகளுக்கும் ஏற்கெனவே உரிமை இருக்கக் கூடும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் நகல் எடுத்துப் பாருங்கள். வீடு முழுக்க உங்களுடையது என்ற நினைப்பிலேயே உயில் எழுதினால் பிறகு தலைவலி.

வெளியேறச் சொல்வது பற்றி: சொல்லலாம். போகவில்லையென்றால் பூட்டை மாற்றவோ மின்சாரத்தை நிறுத்தவோ முடியாது. அரசியலமைப்பின் 26-ஆம் பிரிவுப்படி, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் குடியிருக்கும் வீட்டிலிருந்து அகற்ற முடியாது. பேரப்பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று நீதிமன்றம் முதலில் கேட்கும். அதைவிட, மேல்தளத்துப் படிக்கட்டில் ஒரு கதவும் பூட்டும் போடுங்கள். அது நீங்கள் வாழும் இடம், உங்கள் அறை. அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கீழே வெள்ளிக்கிழமை இரவு ஜெபக்கூட்டம், ஒலிபெருக்கி என்கிறீர்கள். ஜெபத்தை நிறுத்தச் சொல்ல வேண்டாம். ஒலியைக் குறைக்கச் சொல்லுங்கள், ஒன்பது மணிக்கு முடிக்கச் சொல்லுங்கள். அதே போல மேலே புரட்டாசிப் பஜனைக்கும் ஒரு நேரம் வையுங்கள்.

கொள்ளி யார் வைப்பது

கடிதத்தில் இந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான் என்று எனக்குப் படுகிறது.

தகனம் வேண்டும், இன்ன முறைப்படி காரியம் நடக்க வேண்டும் என்று நீங்கள் விட்டுச்செல்லும் விருப்பத்துக்கு நீதிமன்றங்கள் மதிப்புத் தருகின்றன. ஆனால் அதை உயிலில் மட்டும் எழுதிப் பெட்டியில் பூட்டினால் பயன் இல்லை. உயிலைத் திறந்து படிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தனிக் காகிதத்தில் எழுதுங்கள்: தகனமா, எந்த மயானம், ஓதுவார் யார், பதினாறாம் நாள் காரியம் எங்கே, செலவுக்குப் பணம் எதில் இருக்கிறது, எல்லாவற்றையும் நடத்தும் பொறுப்பு யாருடையது. கையெழுத்தும் தேதியும் போட்டு மகளிடம் ஒன்று, நீங்கள் நம்பும் கோயில் பெரியவரிடம் ஒன்று, மகனிடமும் ஒன்று கொடுங்கள். சவ அடக்கச் சங்கத்தில் சந்தா கட்டுகிறீர்கள் என்றால், பணம் பெறுபவர் பெயர் யார் என்று பார்த்து வையுங்கள்.

மகள் கொள்ளி வைக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆண் பிள்ளை இல்லாத வீடுகளில் மகள்மார் வைப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதலில் மகனிடம் கேளுங்கள். “நீ கொள்ளி வைப்பாயா?” என்று கேட்டால் அவர் மறுக்க வேண்டிவரும். “உன் மனசாட்சி எதுவரை இடம் கொடுக்கும்?” என்று கேளுங்கள். மந்திரம் சொல்ல மாட்டேன், திருநீறு பூச மாட்டேன், ஆனால் தோள் கொடுத்துத் தூக்குவேன், மயானத்தில் கடைசிவரை நிற்பேன் என்று அவர் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். மற்றதை மகள் செய்யட்டும். ஒன்றுமே முடியாது என்று சொன்னாலும், அதை இன்றைக்கே தெரிந்துகொள்வது நல்லது. அப்போது மயானத்தில் வைத்து அண்ணனும் தங்கையும் வாக்குவாதம் செய்ய வேண்டியிருக்காது.

அம்மா, முதலில் மருமகளோடு பேசுங்கள். பிறகு மகனிடம், பாஸ்டரும் கோயில்காரரும் இல்லாமல், நீங்கள் இருவர் மட்டும். பால்குடத்துக்குப் பொய் சொன்னதற்கு வருத்தம் தெரிவியுங்கள். படத்தை உடைத்ததற்கு அவர் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று கேளுங்கள், கேட்டு வாங்குங்கள். யார் சாமி மெய் என்ற பேச்சை அன்று எடுக்காதீர்கள். அவர் எடுத்தாலும், “அது உனக்கும் ஆண்டவருக்கும், எனக்கும் முருகனுக்கும், நாம் படிக்கட்டுக் கதவைப் பற்றிப் பேசுவோம்” என்று சொல்லுங்கள். பேச்சு முறிந்தால், இருவருக்கும் பொதுவான குடும்பநல ஆலோசகர் ஒருவரை நடுவில் வைக்கலாம். உயிலும் காரியத்துக்கான காகிதமும் அந்தப் பேச்சின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பத்திர நகல் கைக்கு வந்ததும் அவற்றை எழுத உட்காருங்கள். பணச் சிரமம் இருந்தால் சட்ட உதவி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.